காரணம் எண் இரண்டு

எட்டு மேஜைகளில் எட்டுக் கடிதங்கள் இருந்தன. என் மேஜையில் மட்டும் இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால், என்னைப் பற்றி உங்களுக்கு ஓரளவு புரிந்துவிடும்.

பக்கத்து சீட் மணிமேகலை தனக்கு வந்ததை என்னிடம் நீட்டினாள். கோடு போட்ட தாளில், அச்சடித்த மாதிரி கையெழுத்து.

"நேற்று காலை 11.20க்குத் தாங்கள் என்னிடம் பேசியபோது தங்களுக்கு என் மேல் வெறுப்பு இருந்தது. காரணம் தெரிந்தால் கீழே எழுதித் தரவும். திருத்திக்கொள்கிறேன். இப்படிக்கு, சேரலாதன்."

அதற்குக் கீழே 'காரணம்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து மூன்று கோடு போட்டிருந்தான்.

"நான் எப்பங்க்கா இவனை வெறுத்தேன்?" என்றாள் மணிமேகலை. "பதினொன்னு இருபதுக்கு அவனுக்கு ஒரு பாக்கெட் எலந்தவடைதானே குடுத்தேன்."

நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல முதலிலிருந்து வர வேண்டும்.

எங்கள் அலுவலகம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுடன் பேசுகிற அலுவலகம். கோயமுத்தூரில் நாற்பது மாடிக்குக் குறைந்து யாரும் கட்டடம் எழுப்பாத காலம் இது. லிஃப்ட் நின்றால் கோளாறு என்னவென்று அதுவே கண்டுபிடிக்கும், பழுது பார்க்கும் ஆளை அதுவே கூப்பிடும். ஆள் வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் உள்ளே இருப்பவரோடு பேசத்தான் நாங்கள். முதலில் இதற்கும் மெஷினைத்தான் வைத்தார்கள். ஒரு மெஷினுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு இன்னொரு மெஷின் ஆறுதல் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? கதவை உதைத்துக் காலை உடைத்துக்கொண்டவர்கள் கூட உண்டு. பிறகுதான் மனுஷர்களைத் தேடி வந்தார்கள்.

பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ரேணுகாதேவி என்றால் ஹெட் ஆபீஸ் வரை தெரியும். எதிராளி 'ஹலோ' சொல்வதிலேயே பயமா, கோபமா, பயத்தை மறைக்கிற கோபமா என்று பிரித்துவிடுவேன். பயந்தவர்களிடம் "பயப்படாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அடுப்புல என்ன வச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்பேன். ரசம் என்பார்கள், ஒன்றும் வைக்கவில்லை என்பார்கள், நானே சமைப்பதில்லை என்று சண்டைக்கு வருவார்கள். எதுவானாலும் அந்த நிமிஷமே லிஃப்டை விட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது என் சொந்தச் சரக்கு.

சேரலாதன் போன வருஷம் சேர்ந்தான். இருபத்தொன்பது வயது. முதல் நாளே எழுந்து நின்று, "எனக்கு ஆட்டிசம் இருக்குதுங்க. முகத்தைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியாதுங். சொன்னாத் தெரியும்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அபூர்வமான மூளை, ஒரே பார்வையில் ஆயிரம் எண்களை மனப்பாடம் செய்வான் என்றெல்லாம் நாங்கள் எதிர்பார்த்தோம். அப்படி ஒன்றும் இல்லை. முதல் மாதம் அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் நான். சொன்னதை ஒழுங்காகச் செய்வான், ஒன்றையும் விடமாட்டான். அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு துணைக்கருவி கொடுக்க வேண்டும் என்று சட்டம். அணுக்கன் என்று பெயர். காதுக்குள் உளுந்தம்பருப்பு அளவில் இருக்கும். யாராவது பேசினால், "கேலி, கோபமில்லை", "போகச் சொல்கிறார்" என்று இரண்டு வார்த்தையில் காதோடு சொல்லும். நலப் பிரிவிலிருந்து நசீமா என்ற பெண் அதைக் கொண்டுவந்தாள். வந்தவள் என் மேஜைக்கு ஏன் வந்தாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"இது பொத்தாம்பொதுவா உலகம் பூராவும் கத்துக்கிட்டு வந்த கருவிக்கா. நம்மூர்ல தோத்துப்போச்சு," என்றாள். "இங்க ஒருத்தர் 'பார்க்கலாங்க'ன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"முடியாதுன்னு அர்த்தம்."

"இந்தக் கருவி அதைச் சம்மதம்னு சொல்லிச்சு. வாசல்ல நின்னுக்கிட்டே 'சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னா?"

"கிளம்புன்னு அர்த்தம்."

"அதை இது விருந்துன்னு சொல்லிச்சு. ஒரு பையன் நிஜமாவே உட்கார்ந்துட்டான். அதனால, அந்தந்த இடத்துல நல்லா ஆள் தெரிஞ்ச ஒருத்தரோட உடம்புல இருந்து இது கத்துக்கணும். இந்தப் பட்டையை மணிக்கட்டுல கட்டிக்குங்க. நீங்க பார்க்கறப்ப, கேக்கறப்ப உங்க நாடி, வேர்வை, வயிறு என்ன சொல்லுதோ அதை வச்சு இது அவருக்குச் சொல்லும். தினமும் புதுசாக் கத்துக்கும்."

"என்னைப் பத்தியும் அவன்கிட்டச் சொல்லுமா?"

"சொல்லாது. பட்டை கட்டிக்கறவங்களோட அந்தரங்கம், அதைத் தொடாது. காலையில பட்டை ஒரு கேள்வி கேக்கும், 'இன்று மனம் சீராக இருக்கிறதா?'ன்னு. காய்ச்சலோ, மனசு சரியில்லையோ, இல்லைன்னு அமுக்கிருங்க. அன்னைக்கு உங்ககிட்ட இருந்து கத்துக்காது. அது முக்கியம்க்கா."

ரத்த தானம் மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. எல்லா ஷிப்டும் சேர்த்து நூற்றுப் பத்து பேரில் என்னைத்தானே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பெருமை இரண்டு மாதம் தாங்கியது. அதற்குள் அவனுக்கு ஜன்னலோரம் சீட் வந்தது. கண் கூசுகிறது என்றான், அவன் தலைக்கு மேலிருந்த குழல் விளக்கைக் கழற்றினார்கள். வாயால் சொன்னால் குழம்பும் என்றான், எல்லா உத்தரவும் எழுத்தில் வந்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிஷம் ஓய்வு. அவனுக்கு அது தேவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருந்துவிடுமா? பதினெட்டு வருஷமாக ஏ.சி. காற்று நேராக என் பின்கழுத்தில் அடிக்கிறது. எலும்பு டாக்டரிடம் போய் வந்த சீட்டைக்கூடக் காட்டினேன். மேனேஜர் குப்புராஜ் சார், "பார்க்கலாம்மா," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்த அழைப்பு வந்தது. சாய்பாபா காலனியில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். எனக்கு இரண்டு மேஜை தள்ளி சேரலாதன் எடுத்தான். "அவசரமெல்லாம் ஒண்ணுமில்லைங்க, மெதுவா வரட்டும்," என்று அவள் சொல்லியிருக்கிறாள். அணுக்கன் அவன் காதில் "பயம்" என்றிருக்கும். ஒரு கணம் நிறுத்தினான். பிறகு கேட்டான்.

"அடுப்புல என்னங்க வச்சுட்டு வந்தீங்க?"

என் சரக்கு, என் நாக்கு, என் நிதானம். அதுவும் என்னைவிட நன்றாகக் கேட்டான். நான் கேட்கும்போது பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கொஞ்சம் நடிப்பு வந்திருக்கும். அவன் உண்மையிலேயே அடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினான். அந்தப் பெண் இருபது நிமிஷமும் அவனுக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தாளாம். மறுநாள் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தாள், அவன் பெயருக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கடைக்காரியையே கூப்பிட்டு உடைக்கச் சொல்லி, புண்ணியத்தை மட்டும் வேறு ஆளுக்கு எழுதிவிட்டார்கள்.

அந்த வாரமே ஷிப்ட் இன்சார்ஜ் இடம் காலியானது. பதினெட்டு வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி. குப்புராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, "சேரலாதனைப் போடலாம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்கதானம்மா அவனைத் தயார் பண்ணீங்க, உங்களுக்கும் பெருமைதானே?" என்றார்.

"ரொம்பப் பெருமை சார்," என்றேன்.

மறுநாள் காலை பட்டை கேட்டது: இன்று மனம் சீராக இருக்கிறதா? ஆம் என்று அமுக்கினேன். இல்லை என்று அமுக்கினால் ஏன் என்று கேட்பார்கள். ரேணுகாதேவிக்குப் பொறாமை என்று ரெக்கார்டில் ஏறும். அதனால் தினமும் ஆம் என்றே அமுக்கினேன்.

நாற்பத்தொரு நாள் அப்படி ஓடியது. அந்த நாட்களில் சேரலாதன் மெல்ல மெல்ல ஒதுங்கினான். மத்தியானம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். யாராவது வணக்கம் சொன்னால் ஓரடி பின்னால் போனான். நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. பிறகுதான் அந்த எட்டுக் கடிதங்கள் வந்தன.

அன்று தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு என்னைத் தேடி வந்தான்.

"ஏனுங்க்கா, உங்களை ஒண்ணு கேக்கோணுங். உங்களைப் பத்தி மட்டும் இது ஒண்ணும் சொல்லாதுங்க. அதனால உங்களுக்கு மட்டும் கடுதாசி வெக்கலை. எல்லாருக்கும் என் மேல வெறுப்புன்னே சொல்லுதுங். மணிமேகலைக்கா எலந்தவடை குடுக்கறப்பகூட வெறுப்புன்னுதான் சொல்லுச்சு. நெஜமாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணிமேகலை அந்தப் பாக்கெட்டைக் கொடுத்ததை நான் பார்த்தேன். எனக்குக் கொடுக்காமல் அவனுக்குக் கொடுக்கிறாளே என்று என் வயிறு எரிந்தது. எரிச்சலைப் படித்த கருவி, அதை மணிமேகலையின் எரிச்சல் என்று அவனிடம் சொல்லிவிட்டது. யார் அவனிடம் சிரித்தாலும், யார் பாராட்டினாலும், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வயிறு எரிந்தது. அவனிடம் யார் பேசினாலும் வெறுப்பு என்றே அது கற்றுக்கொண்டுவிட்டது. நாற்பத்தொரு நாளாக அவன் ஒவ்வொரு முகத்திலும் பார்த்தது என் முகத்தை.

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை.

"தெரியலையே கண்ணு," என்றேன்.

"சரிங்க்கா. எட்டுப் பேருக்குப் பிடிக்காத ஆளு இன்சார்ஜா இருக்கப்படாதுங். உத்தரவு வர்றதுக்குள்ள நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்."

எழுதிக் கொடுத்துவிட்டான். நாலாம் நாள் என் பெயருக்கு உத்தரவு வந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. மைசூர்பா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அவனுக்கும் ஒன்று நீட்டினேன். "வாழ்த்துகளுங்க்கா, உங்களுக்குத்தான் வந்திருக்கோணும்," என்றான். ஆளைப் படிப்பதில் எனக்குத் தப்பு வராது. அவன் முகத்தில் பொறாமை துளிகூட இல்லை.

இன்சார்ஜான மூன்றாம் நாள் டீ குடித்துவிட்டு வந்தேன். என் திரையில் ஒரு அழைப்பு சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. பீளமேடு, முப்பத்தொன்றாம் மாடி, காத்திருப்பு நாலு நிமிஷம். எங்கள் ஆபீஸில் மாட்டிக்கொண்டவரை யாரும் காக்கவைப்பதில்லை. எடுத்தவன் பெயரைப் பார்த்தேன். சேரலாதன். அவன் மேஜையில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தம்மாவுக்கு என்னைப் பிடிக்கலீங்க்கா. எடுத்ததுமே வெறுப்புன்னு சொல்லுச்சு. மன்னிச்சிருங்க, வேற ஆளைத் தர்றேன்னு சொல்லிக் காத்திருப்புல போட்டேன். யாரும் ஃப்ரீயா இல்லீங்."

ஹெட்செட்டை மாட்டினேன். மூச்சு மட்டும்தான் கேட்டது. வேகமான, மேலே மேலே ஏறுகிற மூச்சு.

"அம்மா, அடுப்புல என்ன வச்சுட்டு வந்தீங்க?"

மறுபடி கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது குரல் வந்தது.

"அந்தத் தம்பி எங்கம்மா போச்சு? என்னைப் பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருச்சா?"

அவரைப் பேச்சுக்குக் கொண்டுவரப் பதினைந்து நிமிஷம் ஆனது. ரிடையரான டீச்சராம். குக்கரில் பருப்பு. கதவு திறந்ததும் அவர் அழுத சத்தம் கேட்டது. நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். என் பொறாமை என் வயிற்றோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது முப்பத்தொன்றாம் மாடி வரை போய் முன்பின் தெரியாத ஒருவரை இருட்டில் தனியாக விட்டிருந்தது.

அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணு, இங்க யாருக்கும் உன் மேல வெறுப்பு இல்லை. எனக்குத்தான். உனக்குக் கிடைக்கறதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறாமை. தினமும் மனசு சரியா இருக்குன்னு பொய்யா அமுக்கினேன். அதைத்தான் இது எல்லார் பேர்லயும் உனக்குச் சொல்லியிருக்கு. அன்னைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். சொல்லலை."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எட்டுப் பேருக்கும் இல்லீங்ளா?"

"இல்லை."

"லிஃப்ட்ல இருந்த அந்தம்மாவுக்கும்?"

"இல்லை. அவங்க பயந்திருந்தாங்க."

"அப்ப ஒருத்தருக்குத்தான்." நீளமாக மூச்சு விட்டான். "மத்தியானம் நான் எல்லார்கூடவும் சாப்பிடலாங்ளா?"

தலையை ஆட்டினேன். பிறகு அவனுக்குச் சொன்னால்தான் தெரியும் என்று நினைவு வந்து, "சாப்பிடலாம்," என்றேன்.

அவன் இழுப்பறையைத் திறந்தான். கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒன்பதாவது கடிதத்தை எழுதி என்னிடம் கொடுத்தான். "இத்தனை நாளாகத் தங்களுக்கு என் மேல் வெறுப்பு இருந்தது. காரணம் தெரிந்தால் கீழே எழுதித் தரவும்."

குப்புராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நாற்காலி எனக்கு வேண்டாம் என்றேன். அவர் ரொம்ப நேரம் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "பொறாமைக்கு மெமோ குடுக்க ஃபார்மட்டே இல்லையேம்மா," என்றார். கடைசியில் இன்சார்ஜ் வேலை சேரலாதனுக்குப் போனது. டீச்சரம்மாவுக்கு அவனும் நானும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எனக்கு மட்டும் காபி கொடுக்கவில்லை.

நசீமா வந்து பட்டையைக் கழற்றச் சொன்னாள். முகத்தில் சிரிப்பில்லை. "வேற ஆள் பார்த்துக்கறேன்க்கா," என்றாள்.

"வேண்டாமுங்க," என்றான் சேரலாதன். "அக்காவே இருக்கட்டும்."

"என்ன சொல்றீங்க? உங்களை அத்தனை நாள்…"

"லிஃப்ட்ல எடை பார்க்கற சென்சார் இருக்குதுங்ல்ல? காலி லிஃப்ட்லயே நாப்பது கிலோ காட்டுதுன்னு தெரிஞ்சா அதைத் தூக்கி எறிய மாட்டாங்க. நாப்பதைக் கழிச்சுக்குவாங்க. எத்தனை தப்புன்னு தெரிஞ்ச சென்சார் நல்ல சென்சாருங்க. புதுசா வர்றவருக்கும் மனசுல ஏதாவது இருக்கும். அது எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அக்கான்னா சொல்லுவாங்க."

"சொல்லுவாங்களா?" என்று நசீமா என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை சேரலாதன் கொடுத்த அந்த ஒன்பதாவது கடிதத்தை நிரப்பினேன். 'காரணம்' என்பதற்குக் கீழே கோபத்தில் முதலில் எழுதியது: "ஒன்று. உனக்கு ஜன்னலோரம் சீட். பதினெட்டு வருஷமாக ஏ.சி. காற்று என் கழுத்தில் அடிக்கிறது, ஒருவரும் கேட்டதில்லை." அடுத்ததை எழுத நேரமானது. எழுதி அடித்து, மறுபடி எழுதினேன். "இரண்டு. நான் சொல்லிக்கொடுத்ததை நீ என்னைவிட நன்றாகச் செய்கிறாய்."

மறுநாள் காலை தாள் என் மேஜைக்குத் திரும்பி வந்திருந்தது. இரண்டுக்கும் எதிரே அதே அச்சுக் கையெழுத்து.

"காரணம் எண் ஒன்று: சரி செய்யப்பட்டது. காற்று வரும் தகடு திருப்பப்பட்டது. காலை 8.40."

"காரணம் எண் இரண்டு: சரி செய்ய இயலாது. தினமும் கேட்டுக் கழித்துக்கொள்ளப்படும்."

பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காற்று அடிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு நோட்டோடு என் மேஜைக்கு வருவான். "இன்னிக்கு எத்தனைங்க்கா?" பத்துக்கு இத்தனை என்று நான் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒன்பது என்றேன், சொல்லும்போது நாக்கு கூசியது. மணிமேகலை திரும்பிப் பார்த்தாள். அவன் சர்க்கரை அளவைக் குறிக்கும் நர்ஸ் மாதிரி எழுதிக்கொண்டு போனான். ஏழு, ஐந்து, நாலு என்று இறங்கியது. அவனுக்கு இன்னொரு பாராட்டுக் கடிதம் வந்த அன்று மறுபடி எட்டு. "நேத்து நாலுங்க," என்றான். "கடுதாசியைப் பார்த்தேன்," என்றேன். "சரிங்க்கா," என்று எழுதிக்கொண்டான்.

போன புதன்கிழமை நல்ல மனநிலையில் இருந்தேன். அவன் வந்து நின்றான்.

"இன்னிக்கு எத்தனைங்க்கா?"

"சைபர்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவன் எழுதவில்லை. பேனா நோட்டின் மேல் நின்றது.

"ஆள் ஏறின லிஃப்ட் சைபர் காட்டுச்சுன்னா சென்சார் போச்சுன்னு அர்த்தமுங்க்கா. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

நல்லாப் பார்த்தேன்.

"ரெண்டு," என்றேன்.

எழுதிக்கொண்டான்.